மூன்றாம் சுற்றில் கோரி

மார்லீன்: எடுக்காதே! ஆல்பி, கையை எடு... அது அவன் போன்!

ஆல்பி: அடிக்குதே அக்கா!

மார்லீன்: அடிச்சா அவன்தான் எடுக்கணும். கோரி! டேய் கோரி! ஓடி வா!

கோரி: தள்ளுங்க மாமா, தள்ளுங்க... ஹலோ? ஆமா சார், கோரி ஹுடாக்தான் பேசுறேன்... என்னது? ...ஜெர்ட் அத்தை, நீங்களா?

ஆல்பி: அட கடவுளே.

கோரி: அம்மா, பன்றித்தொடை மேல அன்னாசி வைக்கணுமா, வேண்டாமான்னு கேக்குறாங்க.

மார்லீன்: வேண்டாம்னு சொல்லு. போனை வைக்கச் சொல்லு. இன்னிக்குச் சொந்தக்காரங்க யாரும் இந்த நம்பருக்குக் கூப்பிடக் கூடாதுன்னு சர்ச்சுல அறிவிப்பே கொடுத்தாச்சு. உங்கப்பா கூடப் பொறந்தவ காதுல மட்டும் எதுவும் ஏறாது.

கோரி: அத்தை, கூப்பிடாதீங்க, நேரா வந்துடுங்க... இல்ல, இன்னும் எந்த அணியும் எடுக்கல... சரி, சரி. வைக்கிறேன்.

ஆல்பி: என் நெஞ்சே நின்னு போச்சு. கிளீவ்லண்ட் ஃபுட்பால் அணிதான் கூப்பிடுதுன்னு நினைச்சேன்.

மார்லீன்: இன்னுமா கிளீவ்லண்ட்? நேத்தோட அந்தக் கதை முடிஞ்சுது. மூணாவது சுத்துல என் மருமகனை எடுப்பாங்கன்னு உன் சனிக்கிழமை ரேடியோ நிகழ்ச்சில முழங்கினே. மூணு போச்சு. நாலு போச்சு. அஞ்சு போச்சு...

கோரி: ஆறும் முடியப் போகுதும்மா. அணிங்க காலேஜ் பசங்களைப் பொறுக்கி எடுக்கிற டிராஃப்ட்டே மொத்தம் ஏழு சுத்துதான்.

மார்லீன்: தெரியும்டா. நீ ஏதாவது சாப்பிடு. பியரோகிக் கொழுக்கட்டை சூடா இருக்கு.

கோரி: வேண்டாம். கராஜ்ல போய் உக்காந்துக்கிறேன். ஹாலுக்குள்ள போனா ஒருத்தனும் டிவியைப் பாக்க மாட்டேங்குறான், என் மூஞ்சியையே பாக்குறானுங்க. போன் இங்கயே சார்ஜ்ல இருக்கட்டும்.

மார்லீன்: போ. அடிச்சா கூப்பிடுறேன்... போயிட்டானா?

ஆல்பி: போயிட்டான்.

மார்லீன்: அந்தக் கிளீவ்லண்ட் தொப்பியை எங்கயாவது ஒளிச்சு வை. அவன் கண்ணுல படுற மாதிரி ஃப்ரிட்ஜ் மேலயா வைப்பாங்க?

ஆல்பி: கூப்பிட்ட உடனே தலைல மாட்டிக்கணும்னுதான்... எல்லா வீட்டுலயும் அப்படித்தானே அக்கா?

மார்லீன்: எல்லா வீட்டுலயும் நாலஞ்சு அணித் தொப்பி வாங்கி வச்சுக்குவாங்க. நீ ஒரே ஒரு தொப்பி வாங்கிட்டு வந்தே. கேக்குக்கும் அந்த அணியோட ஆரஞ்சுக் கலரையே பூசச் சொன்னே.

ஆல்பி: நிச்சயமாத் தெரிஞ்சுது, வாங்கினேன்.

மார்லீன்: அந்தக் கேக்கை இப்ப யாரு திங்கிறது? அக்டோபர்ல ஹாலோவீனுக்கு ஆரஞ்சுக் கலர்தானே, அது வரைக்கும் வச்சிருக்கவா?

ஆல்பி: நீயும் ஆரம்பிச்சிட்டியா? காலைலேர்ந்து ஊரே என்னைப் போட்டு வறுக்குது. இதோ, முடிவெட்டுற மைலோ அனுப்பியிருக்கான் பாரு. "ஜோசியரே, என் மாமியார் எப்ப ஊருக்குக் கிளம்புவான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

மார்லீன்: பாத்துச் சொல்லேன். அதுவாவது பலிக்குதான்னு பாப்போம்.

ஆல்பி: சிரி, சிரி. நான் பொழுது போகாம ஜோசியம் சொல்றவன் இல்ல. இருபது வருஷமா இதே வேலையா இருக்கேன்.

மார்லீன்: உன் வேலை டயர் விக்கிறது.

ஆல்பி: டயர் விக்கிறது வயித்துக்கு. எந்தக் காலேஜ் பையனை எந்த அணி எடுக்கும்னு சொல்றது... அதுக்கு ஒரு முறை இருக்கு அக்கா. நல்லா ஆடுறவன் யாருன்னு பாக்குறவன் ஏமாந்து போவான். எந்த அணிக்கு எந்த இடத்துல ஓட்டைன்னு பாக்கணும். யாரை ஊருக்கு வரவழைச்சு, சோறு போட்டு, அப்பன் ஆத்தாளைப் பத்தி விசாரிக்குதுன்னு பாக்கணும். கிளீவ்லண்ட் இவனை ரெண்டு தடவ வரவழைச்சுது. ரெண்டு தடவ!

மார்லீன்: ரெண்டாவது தடவ கூப்பிட்டது டாக்டரைப் பாக்க.

ஆல்பி: அந்த டாக்டர்தான் எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரே. தலையைப் படம் எடுத்தாங்க, ஒரு கீறல் இல்ல.

மார்லீன்: படத்துல தெரியாதுடா. அவங்கப்பா டேலுக்கும்தான் படம் எடுத்தாங்க. ஒண்ணும் தெரியல. செத்த பிறகு அறுத்துப் பாத்துத்தான், அடிபட்டு அடிபட்டே மூளை கெட்டிருக்குன்னு சொன்னாங்க.

ஆல்பி: ...இப்ப எதுக்கு மாமாவை இழுக்குறே?

மார்லீன்: நான் இழுக்கல.

ஆல்பி: அவர் ஆடின காலம் வேற. அப்பல்லாம் தலைல அடிபட்டா ரெண்டு கையைத் தட்டி எழுப்பி விட்டு, போய் ஆடுன்னு அனுப்பிடுவாங்க. இப்ப எவ்வளவோ சட்டம் வந்தாச்சு.

மார்லீன்: சட்டம் வந்துடுச்சு. மண்டை அதே மண்டைதானே?

ஆல்பி: உருளைக்கிழங்கு சாலட்டுக்கு உப்பு போட்டியா?

மார்லீன்: போட்டேன். பேச்சை மாத்தாதே.

ஆல்பி: மாத்தல... எரிச்சலா வருது அக்கா. எவன் எவனையோ எடுக்குறானுங்க. இப்ப எடுத்தானே, அயோவாக்காரன் ஒருத்தன்... அவன் பந்து வர்ற பக்கம் திரும்பிக் கூடப் பாக்க மாட்டான். நம்ம பையன் ஹெல்மெட்டோட எதிர்ல ஓடி வர்றவனை ஒரு இடி இடிச்சா, அந்தச் சத்தம் மேல் வரிசை வரைக்கும் கேக்கும்.

மார்லீன்: கேட்டுச்சு. நவம்பர் மாசம் எனக்கே கேட்டுச்சு. இடிச்சுட்டு எழுந்து, நேரா எதிரணிக்காரங்க பெஞ்சுல போய் உக்காந்தான்.

ஆல்பி: கண்ணு கூசியிருக்கும். அன்னிக்கு வெயில்.

மார்லீன்: நவம்பர்ல, ஒகையோல, வெயிலு.

ஆல்பி: சரி, விடு.

மார்லீன்: நீயும் என் பக்கத்துலதானே உக்காந்திருந்தே? எல்லாரும் சிரிச்சாங்க. நீ சிரிக்கல.

ஆல்பி: ஷ்ஷ்... வர்றான்.

கோரி: அம்மா, ஐஸ் தீந்து போச்சு.

மார்லீன்: கீழ ஃப்ரீசர்ல இருக்கு. என்ன ஆச்சு?

கோரி: ஏழாவது சுத்து ஆரம்பிச்சாச்சு.

ஆல்பி: உன் ஏஜெண்ட் என்ன சொல்றான்?

கோரி: எங்க மாமா, போனையே எடுக்க மாட்டேங்குறான். மார்ச்ல நான் தும்மினாக்கூடக் கூப்பிட்டு விசாரிச்சான். இப்ப அவன் சம்சாரம் எடுத்து, குளிக்கிறார்னு சொல்றாங்க. மூணு நாளாவா ஒருத்தன் குளிப்பான்?

ஆல்பி: ஒகையோ ஆத்துல குளிச்சாலும் இத்தனை நேரம் ஆகாதே.

கோரி: மாமா... ஒண்ணு கேக்குறேன், உண்மையைச் சொல்லுங்க. மூணாவது சுத்துன்னு சொன்னது நான் உங்க அக்கா பையன்ங்கிறதாலயா?

ஆல்பி: என்னடா பேச்சு இது?

கோரி: கோவிச்சுக்க மாட்டேன். சொல்லுங்க.

ஆல்பி: நீ என் மருமகன்ங்கிறது ஊருக்கே தெரியும். பாசத்துல உளறினா அடுத்த சனிக்கிழமை எவன் என் பேச்சைக் கேப்பான்? இல்லடா. தப்பு என்னோடது. உன் ஆட்டத்துல ஒரு குறையும் இல்ல. அதை மட்டும் மனசுல வச்சுக்கோ.

கோரி: அப்ப எங்கதான் இடிக்குது? ஓட்டம் பத்தலையா? கை குட்டையா? ஒருத்தராவது மூஞ்சிக்கு நேரா ஒரு காரணம் சொல்லிட்டாப் பரவாயில்ல. ஆறு வயசுலேர்ந்து ஆடுறேன். அப்பா தோள்ல ஏறி உக்காந்து கத்துக்கிட்டது. இதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

மார்லீன்: நல்லாப் படிச்சிருக்கியே கண்ணு. ஆசிரியர் பயிற்சி முடிச்சிருக்கே...

கோரி: அம்மா. இன்னிக்கு வேண்டாம்மா. ப்ளீஸ்.

மார்லீன்: சரி, பேசல.

கோரி: அப்பாவை எத்தனாவது சுத்துல எடுத்தாங்க?

ஆல்பி: பதினொண்ணு. அப்ப மொத்தம் பன்னெண்டு சுத்து. சாயங்காலம் ஆகியும் கூப்பிடலன்னு கோவிச்சுக்கிட்டு மீன் பிடிக்கப் போயிட்டாரு. உங்க தாத்தா கரைல நின்னு கையைக் கையை ஆட்டுறாரு, இவரு பதிலுக்குக் கையை ஆட்டிட்டு மீன் பிடிச்சிட்டே இருக்காரு.

கோரி: இது எனக்குத் தெரியாதே... ஆமா, ஜெர்ட் அத்தை எங்க? இன்னிக்கு வராம இருக்க மாட்டாங்களே. ஒரு போன் கூடப் பண்ணல பாருங்க.

ஆல்பி: ...வந்துட்டே இருப்பாங்கடா. வழில வண்டி நெரிசலா இருக்கும்.

கோரி: இருக்கும். ஐஸ் எங்கம்மா சொன்னீங்க?

மார்லீன்: கீழ... கீழ ஃப்ரீசர்ல. படி இறங்கும்போது பாத்து.

ஆல்பி: ...அக்கா.

மார்லீன்: அவன் தூங்கி மூணு நாள் ஆச்சு.

ஆல்பி: நான் ஒண்ணும் சொல்லலையே.

மார்லீன்: சொல்லாதே.

ஆல்பி: தூக்கம் இல்லன்னா எல்லாருக்கும் மறக்கும். எனக்கே காலைல கடைச் சாவி எங்கன்னு...

மார்லீன்: சொல்லாதேன்னேன்ல?

ஆல்பி: சரி. வேற ஒண்ணு சொல்றேன். நடுவுல ஒரு வாய் பூந்திருக்கு அக்கா. மார்ச் கடைசி வரைக்கும் எல்லாரும் இவன் பேரைத்தான் சொல்லிட்டிருந்தாங்க. திடீர்னு ஒருத்தனும் பேச மாட்டேங்குறான். அணிங்களுக்காக ஆள் தேடி ஊர் ஊராப் போறவங்க எனக்கு நாலு பேரு பழக்கம். கோரின்னு ஆரம்பிச்சாலே, "ஆல்பி, மனைவி கூப்பிடுறா"ன்னு வச்சிடுறாங்க.

மார்லீன்: அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்.

ஆல்பி: அந்தக் காலேஜ் கோச்சுதான். நான் அடிச்சுச் சொல்றேன். கடைசி ஆட்டத்துல கோரி எதுத்துப் பேசினான்ல? அந்தக் கறுவு. இவன் பேச்சைக் கேக்க மாட்டான்னு போட்டுக் கொடுத்திருப்பாரு.

மார்லீன்: அவரு நல்ல மனுஷன்.

ஆல்பி: நல்ல மனுஷன்தான், வாய் மட்டும் கெட்ட வாய். அவராத்தான் இருக்கும். வேற யாரு?

மார்லீன்: தெரியாம ஒருத்தர் மேல பழி போடாதே.

ஆல்பி: நீ ஏன் அவருக்கு இப்படி வக்காலத்து வாங்குறே?

மார்லீன்: வக்காலத்து இல்ல. அவரு அப்படிப்பட்டவர் இல்லன்னு... அந்தக் கரண்டியை இப்படிக் கொடு.

ஆல்பி: சரி, கோச்சு இல்லன்னா பழைய காதலி. அந்தப் பல்மருத்துவம் படிக்கிற பொண்ணு.

மார்லீன்: அவ இவனுக்கு ஈஸ்டருக்கு வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தா, பாவம்.

ஆல்பி: அப்ப யாருதான்?

மார்லீன்: ஈஸ்டருக்கு நீயும் இங்கதானே சாப்பிட்டே?

ஆல்பி: ஆமா. அதுக்கென்ன?

மார்லீன்: மேசைல அவன் ஒரு தட்டு அதிகமா வச்சான்ல?

ஆல்பி: எண்ணிக்கை தப்பிப் போச்சு.

மார்லீன்: எண்ணிக்கை தப்பல. "அப்பா வர நேரமாகும், அவருக்கு எடுத்து மூடி வைங்கம்மா"ன்னான்.

ஆல்பி: விளையாட்டுக்குச் சொன்னான். அடுத்த நிமிஷம் அவனே சிரிச்சான்ல?

மார்லீன்: நாம எல்லாம் அவனைப் பாத்த பிறகு சிரிச்சான். டேலும் அப்படித்தான்டா ஆரம்பிச்சாரு. தப்பாச் சொல்லிட்டு நம்ம மூஞ்சியைப் பாப்பாரு, உடனே சிரிச்சு ஜோக்காக்கிடுவாரு. நாப்பது வயசுல. இவனுக்கு இருபத்திரண்டு. அன்னிக்கு அந்தத் தட்டை என்னால கழுவவே முடியல... நீதான் வந்து வாங்கிக் கழுவி வச்சே.

ஆல்பி: அவன்கிட்ட சொல்லிப் பாத்தியா?

மார்லீன்: சொல்லாம? அழுது பாத்தேன். அவங்கப்பா கல்லறைக்குக் கூட்டிட்டுப் போய்க் கெஞ்சினேன். "அப்பாவுக்காகத்தான்மா ஆடுறேன்"ங்கிறான். இதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?

கோரி: அம்மா! மாமா! முடிஞ்சுது!

ஆல்பி: என்னடா? யாரு? எடுத்தாங்களா?

கோரி: கடைசி ஆளையும் எடுத்தாச்சு. யூட்டாவுலேர்ந்து, பந்தை உதைக்க மட்டும் இறங்குற ஒரு பையன். கடைசியா எடுக்கிறவனுக்குக் கூடப் பட்டப் பேரு வச்சு ஊர்வலம் விடுவாங்க. எனக்கு அதுவும் இல்ல.

மார்லீன்: கண்ணு, இங்க வா... வாடா.

கோரி: பரவாயில்லம்மா. விடுங்க, எண்ணெய்க் கையோட கட்டிப் பிடிக்கிறீங்க... அட, நான் அழல. மாமா, அடுத்த சனிக்கிழமை ரேடியோல மன்னிப்புக் கேக்குறீங்க. பேர் சொல்லிக் கேக்கணும்.

ஆல்பி: கேக்குறேன்டா. மண்டி போட்டுக் கேக்குறேன்.

கோரி: டிராஃப்ட்ல எடுக்காம விட்டவங்களை இனிமேத்தான் தனித்தனியாக் கூப்பிடுவாங்களாம். பயிற்சிக்கு வந்து ஆடிக் காட்டு, பிடிச்சா வச்சுக்கிறோம்னு. போன் பக்கத்துல யாராவது இருங்க. நான் போய் எல்லாருக்கும் கேக்கை வெட்டிக் கொடுத்துட்டு வர்றேன். வந்தவங்க சும்மா போகக் கூடாதுல்ல?

ஆல்பி: போடா. பெரிய துண்டா மைலோவுக்குக் கொடு. வாயை அடைக்கட்டும்.

மார்லீன்: இன்னுமா கூப்பிடுவாங்க?

ஆல்பி: யாரு?

மார்லீன்: அதான், அவன் சொன்னானே... முடிஞ்சுதுன்னு நினைச்சேன். ஏழு சுத்து தாண்டிட்டா முடிஞ்சுதுன்னுதானே நீ எப்பவும் சொல்லுவே?

ஆல்பி: டிராஃப்ட்டுதான் முடியும். அதுக்கப்புறம் அவங்க இஷ்டம். இப்படிப் போய் ஆடி நிலைச்சவங்க எத்தனையோ பேரு. நீ ஏன் இப்படி வெளிறிப் போறே? உக்காரு.

மார்லீன்: அந்தப் போனை அணைச்சு வச்சிடு.

ஆல்பி: அக்கா!

மார்லீன்: அணைடா! கீழ போடு, உடைச்சிடு, என்னமோ பண்ணு!

ஆல்பி: கத்தாதே. ஹாலுக்குக் கேக்கும். கதவைச் சாத்துறேன், இரு... ம். இப்பச் சொல்லு.

மார்லீன்: கோச்சு இல்லடா. அவரைத் திட்டாதே. நான்தான். ஈஸ்டர் முடிஞ்ச மறுநாளே ஆரம்பிச்சேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல வேலையிலேர்ந்து வெளிய வந்து, கார்ல உக்காந்து, ஒவ்வொரு அணியாக் கூப்பிட்டேன். டேல் எப்படிச் செத்தாருன்னு சொன்னேன். இவன் தட்டு வச்சதைச் சொன்னேன். "என் புள்ளையை எடுக்காதீங்க"ன்னு பிச்சை கேட்டேன். ஒரு பொம்பளை பேரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னா. நான் பெத்து வச்ச பேரையே நான்... என் புள்ளை சோத்துல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேன் ஆல்பி. இன்னிக்குப் பூரா அவன் காரணம் கேட்டுட்டு நிக்கிறான், நான் கல்லு மாதிரி நின்னு பியரோகி பொரிச்சிட்டிருக்கேன்.

ஆல்பி: அழாதே. மூஞ்சியைத் துடை.

மார்லீன்: எல்லார்கிட்டயும் சொல்லிட்டோம், போதும்னு இருந்தேன். இப்பத் திரும்பக் கூப்பிடுவாங்கன்னா...

ஆல்பி: கூப்பிட மாட்டாங்க.

மார்லீன்: உனக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னது ஒண்ணாவது பலிச்சுதா?

ஆல்பி: இது பலிக்கும். ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க.

மார்லீன்: சும்மா ஆறுதல் சொல்லாதே. நான் ஒரு கைம்பொண்டாட்டி, பயந்து போய்ப் பொலம்புறேன்னுதான் முதல்ல எல்லாரும் நினைச்சாங்க. குரல்லயே தெரிஞ்சுது. அப்புறம் திடீர்னு எப்படி நம்பினாங்கன்னு எனக்கே புரியல. கடைசியா நான் கூப்பிட்ட நாலஞ்சு பேரு, நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள, "கேள்விப்பட்டோம்மா, உறுதியும் பண்ணிக்கிட்டோம்"னாங்க. எனக்கு முன்னாடி யாருடா அவங்ககிட்ட சொன்னது?

ஆல்பி: உன் போன் வந்த ரெண்டாம் நாளே ஒரு அணிக்காரன் என் கடைக்குப் போன் பண்ணி, "உங்க அக்கா சொல்றது நிஜமா, பயமா? நீங்க சொன்னா நம்புறோம்"னான்... பயம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நம்ம பையனுக்கு மூணாவது சுத்து நிச்சயம். நான் நிஜம்னு சொன்னேன் அக்கா, மத்தவங்களையும் நானே கூப்பிட்டுச் சொன்னேன். எல்லாத்தையும் சொல்லி முடிச்ச பிறகுதான் ரேடியோல போய் மூணாவது சுத்துன்னு அடிச்சு விட்டேன், காலம் பூரா அவன் யாரையாவது திட்டித்தானே ஆகணும், அது நானா இருந்துட்டுப் போகட்டும்னு.